போகிமானுக்கு முதலாளி யார்?

2016 ஜூலை 6 அன்று 'போகிமான் கோ' முதலில் ஒருசில நாடுகளில் வெளிவந்தது. ஜனங்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு பூங்கா, ரயில் நிலையம், கல்லறைத் தோட்டம் என்று அலைய ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் டோக்கியோ பங்குச் சந்தையில் நிண்டெண்டோ பங்குகளை வாங்க அடிதடி. இரண்டு வாரத்துக்குள் கம்பெனியின் சந்தை மதிப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. போகிமான் என்றால் நிண்டெண்டோ, நிண்டெண்டோ என்றால் போகிமான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 22, வெள்ளிக்கிழமை. நிண்டெண்டோ ஒரு சின்ன அறிக்கை விட்டது. சாரம் இதுதான்: இந்த விளையாட்டைச் செய்து வெளியிட்டது நயான்டிக் என்கிற அமெரிக்கக் கம்பெனி. போகிமான் உரிமைகளைக் கவனிப்பது 'தி போகிமான் கம்பெனி' என்கிற வேறொரு நிறுவனம். அதில் எங்களுக்கு 32 சதவீத வாக்குரிமை இருக்கிறது. ஆகவே எங்கள் லாபக் கணக்கில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். திங்கட்கிழமை சந்தை திறந்தது. நிண்டெண்டோ பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய 18 சதவீதம் விழுந்தது.

கோடி கோடியாகப் பணம் போட்டவர்களுக்கே போகிமான் யாருடையது என்று தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அசல் போகிமான் பொருள் எதையாவது திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கும்: நிண்டெண்டோ, கிரியேச்சர்ஸ், கேம் ஃப்ரீக். மூன்று பேர் பெற்ற பிள்ளை. வளர்ப்பதோ நான்காவது ஆள். பொம்மை செய்யத் தொழிற்சாலை இல்லாமல், 'சரி', 'வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தைகளை வைத்தே தொழில் நடத்தும் அந்த நான்காவது ஆள் எப்படி வந்தார், ஏன் தேவைப்பட்டார் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் பிள்ளை பிறந்த கதை. சதோஷி தஜிரி 1965-ல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் குளம் குட்டை, வயல்வெளி என்று சுற்றிப் பூச்சி பிடிப்பதுதான் பொழுதுபோக்கு. அவர் வளர வளர குளங்கள் மூடப்பட்டு வீடுகளும் கடைகளும் முளைத்தன. பூச்சிகள் போயின. பையன் வீடியோ கேம் நிலையங்களுக்குள் நுழைந்துவிட்டான். 1983-ல் 'கேம் ஃப்ரீக்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். பத்திரிகை என்றால் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்த தாள்கள். அதைப் பார்த்துவிட்டுப் படம் போட வந்து சேர்ந்தவர் கென் சுகிமோரி. பின்னாளில் போகிமான்களுக்கு உருவம் கொடுத்தவர் இவர்தான். இருக்கும் விளையாட்டுகளெல்லாம் சரியில்லை, நாமே செய்வோம் என்று கிளம்பி, 1989-ல் பத்திரிகையின் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்கள்.

அதே 1989-ல் நிண்டெண்டோவின் கேம்பாய் வந்தது. இரண்டு கேம்பாய்களை ஒரு கேபிளால் இணைக்கலாம். மற்றவர்கள் அதைப் போட்டிக்கான கருவியாகப் பார்த்தார்கள். தஜிரிக்கு அந்த ஒயருக்குள் பூச்சி ஊர்ந்து போவது தெரிந்தது. நீ பிடித்ததை எனக்குக் கொடு, நான் பிடித்ததை உனக்குத் தருகிறேன். போகிமானின் மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான். 1990-ல் இந்த யோசனையை நிண்டெண்டோவிடம் கொண்டுபோனார்.

செய்து முடிக்க ஆறு வருடம் ஆனது. நடுவில் பணம் வற்றியது, ஆட்கள் விலகினார்கள், தஜிரி சம்பளமே எடுக்காமல் வேலை பார்த்தார். இந்தக் கட்டத்தில்தான் சுனெகாசு இஷிஹாரா முக்கியமாகிறார். விளையாட்டின் தயாரிப்பாளராக இருந்து கரை சேர்த்தவர் இவர். 1995-ல் இவர் ஆரம்பித்த கம்பெனிதான் கிரியேச்சர்ஸ். யோசனையும் உழைப்பும் கேம் ஃப்ரீக்கினுடையது, கருவியும் கடைவீதியும் நிண்டெண்டோவினுடையது, கைகொடுத்துக் கரையேற்றியது கிரியேச்சர்ஸ். பொடி எழுத்தில் மூன்று பெயர் வந்த விதம் இது.

1996 பிப்ரவரி 27-ல் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக விளையாட்டு வெளிவந்தது. கேம்பாய்க்கு அப்போதே ஏழு வயது. கிழடு தட்டிய கருவிக்கு வந்த புது விளையாட்டை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. திருப்பம் ஒரு திருட்டுத்தனத்திலிருந்து வந்தது. வெளியீட்டுக்குக் கொஞ்சம் முன்பு, பிழை பார்க்கும் நிரல்களை எடுத்ததும் கார்ட்ரிட்ஜில் சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. ஷிகேகி மொரிமோட்டோ என்ற நிரலாளர் அந்த இடத்தில் 'மியூ' என்று 151-வதாக ஒரு பிராணியைச் செருகிவிட்டார். சாதாரணமாக விளையாடினால் அது கிடைக்காது. ஆனால் "பார்த்தேன்" என்று பையன்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஷோகாகுகன் பதிப்பகத்தின் 'கோரோகோரோ' என்ற சிறுவர் பத்திரிகை, மியூவை 20 பேருக்குத் தருகிறோம் என்று ஒரு போட்டி வைத்தது. 78,000 பேர் எழுதிப் போட்டார்கள். அதற்கப்புறம் விற்பனை நிற்கவே இல்லை. பின்னால் வந்த நீலப் பதிப்பையும் சேர்த்து ஜப்பானில் மட்டும் ஒரு கோடி பிரதிகளைத் தாண்டியது.

வெற்றி வந்தது, கூடவே தலைவலியும். 1996 அக்டோபரில் அட்டை விளையாட்டு வந்தது, அதை வெளியிட்டது மீடியா ஃபேக்டரி. 1997 ஏப்ரல் 1-ல் டிவி டோக்கியோவில் கார்ட்டூன் தொடர் தொடங்கியது, அதற்குப் பின்னால் நின்றது ஷோகாகுகன். விளையாட்டு ஒருவர் கையில், அட்டை இன்னொருவர் கையில், டிவி மூன்றாமவர் கையில். இதற்கு நடுவே பொம்மை, பென்சில் பெட்டி, சாப்பாட்டு டப்பா செய்கிறோம் என்று வரிசையில் நிற்பவர்கள் வேறு.

1997 டிசம்பர் 16-ல் முதல் இடி விழுந்தது. அன்று மாலை ஒளிபரப்பான பகுதியில் ஒரு வெடிப்புக் காட்சிக்காகச் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னின. நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வலிப்பு, மயக்கம், வாந்தி. 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. மின்னும் காட்சிகளுக்கு எல்லை வகுத்து ஒளிபரப்பாளர்கள் வழிமுறைகள் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதி திரும்ப ஒளிபரப்பாகவே இல்லை. கேம்பாய் விளையாட்டு செய்தவர்களுக்கு அந்தக் காட்சியில் நேரடிப் பங்கு இல்லை. இருந்தாலும் பெற்றோர் மனதில் பதிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்: போகிமான்.

இந்த இடத்தில் லைசென்ஸ் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு செருப்புக் கம்பெனிக்கு பிக்காச்சு படம் வேண்டும். உரிமைக்காரரிடம் போகிறது. எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தம் போடுவார்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை, அதற்கு மேல் விற்பனையில் இத்தனை சதவீதம் ராயல்டி. பிறகு ஒரு தடித்த கையேடு வரும். மஞ்சள் எந்த மஞ்சள், காது எந்தச் சாய்வு, வால் எத்தனை மடிப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். மாதிரி செய்து அனுப்ப வேண்டும். அனுமதி வந்தால்தான் தயாரிப்பு. பணம் வருவது 'சரி' சொல்வதில். பெயர் நிலைப்பது 'வேண்டாம்' சொல்வதில். ஒரு பொம்மைக்கு மூன்று தனித்தனி முதலாளிகள் இருந்தால் என்ன ஆகும்? ஒருவர் 'வேண்டாம்' என்றதற்கு இன்னொருவர் 'சரி' சொல்லுவார். கூட்டுக் குடும்பத்துச் சொத்து கரைவது இப்படித்தான்.

1998 ஏப்ரலில் மூவரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அப்போது அதன் பெயர் 'போகிமான் சென்டர்'. டோக்கியோவின் நிஹோன்பாஷியில் போகிமான் பொருட்களுக்கென்றே ஒரு கடை நடத்துவதற்காக ஆரம்பித்தது. நான்காவது ஆள் பிறந்தது ஒரு கடைக்காரராகத்தான்.

அதே வருடம் செப்டம்பரில் போகிமான் அமெரிக்காவில் இறங்கியது. இந்தக் கொழுகொழு பிராணிகள் அமெரிக்கப் பையன்களிடம் எடுபடாது, முரட்டுத்தனமாக மாற்றி வரையுங்கள் என்று முதலில் யோசனை வந்ததாகவும், ஜப்பான்காரர்கள் மறுத்துவிட்டதாகவும் பின்னாளில் செய்தி வந்தது. முதல் 'வேண்டாம்' அது. உருவத்தைக் காப்பாற்றினார்களே தவிர, மற்றதெல்லாம் வாடகைக்குப் போனது. கார்ட்டூனும், ஆசியாவுக்கு வெளியே பொருட்களுக்கான லைசென்ஸும் '4கிட்ஸ்' என்ற நியூயார்க் கம்பெனி கையில். ஆங்கில அட்டைகள் 1999 ஜனவரியிலிருந்து 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' கையில். 4கிட்ஸ் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டியது. சதோஷி 'ஆஷ்' ஆனான். ஜப்பானியச் சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு "ஜெல்லி டோனட்" என்று கதாபாத்திரம் சொல்லும் காட்சி இன்றைக்கும் ரசிகர்கள் சிரிக்கிற விஷயம்.

1999 முழுக்கப் பைத்தியம். அட்டைக்காகச் சண்டை வருகிறது என்று பல பள்ளிக்கூடங்கள் தடை போட்டன. அட்டைப் பொட்டலம் விற்பது சூதாட்டம் என்று கலிஃபோர்னியாவில் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். நவம்பரில் முதல் சினிமா அமெரிக்காவில் வந்தது, 'டைம்' பத்திரிகை அட்டைப்படம் போட்டது. செப்டம்பரில் ஹாஸ்ப்ரோ ஏறக்குறைய 32.5 கோடி டாலருக்கு விசார்ட்ஸையே வாங்கியிருந்தது.

அந்த சினிமாவை ஒட்டி பர்கர் கிங் குழந்தைகள் சாப்பாட்டுடன் ஒரு பொம்மை கொடுத்தது. இரண்டாகத் திறக்கும் பிளாஸ்டிக் பந்து, உள்ளே ஒரு குட்டி போகிமான். டிசம்பரில் கலிஃபோர்னியாவில் 13 மாதக் குழந்தை ஒன்று, பாதிப் பந்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டதால் மூச்சுத் திணறி இறந்துபோனது. டிசம்பர் 27 அன்று இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பந்துகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பந்தைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சின்னப் பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் இலவசம். ஜனவரியில் இன்னொரு மாநிலத்தில் இன்னொரு கைக்குழந்தையும் அதே பந்தால் இறந்தது.

லைசென்ஸ் என்பது காகித வியாபாரம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு குழந்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பந்தை வடிவமைத்தவர் ஒருவர், செய்தவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர். ஆனால் ஒரு தாய் அதைக் குழந்தை கையில் கொடுத்தது அந்தப் பெயரை நம்பித்தான். பெயரை வாடகைக்கு விடும்போது கூடவே வாடகைக்குப் போவது அந்த நம்பிக்கை.

2000 அக்டோபரில் நிஹோன்பாஷி கடைக்காரர் பெயர் மாற்றிக்கொண்டார்: 'தி போகிமான் கம்பெனி'. தலைவர் இஷிஹாரா. வேலையும் மாறியது. இனி போகிமான் பெயரில் எந்த மூலையில் எது வந்தாலும் இந்த வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். இதில் சுவாரசியம், 1999-ல் வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளோடு போகிமான் முடிந்துவிடும், அதற்கப்புறம் வேறு வேலை பார்க்கலாம் என்றுதான் தான் நினைத்திருந்ததாக இஷிஹாராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முடியப்போகிறது என்று நினைத்த மனிதர், முடியாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் உட்கார்ந்தார்.

அடுத்தது வாடகைக்கு விட்டதை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கும் படலம். 2001-ல் 'போகிமான் யுஎஸ்ஏ' தொடங்கப்பட்டது. 2003-ல் அட்டை உரிமை விசார்ட்ஸ் கையிலிருந்து இங்கே வந்தது. விசார்ட்ஸ் வழக்குப் போட்டது, பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. 2005 முடிவில் 4கிட்ஸின் ஒப்பந்தம் தீர்ந்தது, புதுப்பிக்கவில்லை. 2006-லிருந்து கார்ட்டூனின் ஆங்கிலப் பதிப்பும் சொந்த மேற்பார்வைக்கு வந்தது. 2009-ல் அமெரிக்க, பிரிட்டன் கிளைகளை இணைத்து 'தி போகிமான் கம்பெனி இன்டர்நேஷனல்' ஆக்கினார்கள்.

சொல்லும்போது ஒழுங்காக இருக்கிறது. உள்ளே இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. எட்டு வருடம் ஆஷுக்குக் குரல் கொடுத்த வெரோனிகா டெய்லர் உட்பட, பழைய குரல் கலைஞர்கள் 4கிட்ஸோடு சேர்ந்து வெளியேற வேண்டியதாயிற்று. அந்தக் குரலோடு வளர்ந்த பிள்ளைகள் பொங்கினார்கள், மனு எழுதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 4கிட்ஸ் பாவம், தன் பெரிய பசுவை இழந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2011 ஏப்ரலில் இன்னொரு ஜப்பானியத் தொடர் பற்றிய வழக்கில் மாட்டிக்கொண்டு திவால் பாதுகாப்பு கேட்டது. அடுத்தவர் பொம்மையை விற்றுப் பெரிய ஆளானவர்களுக்கு இதில் பாடம் உண்டு. ஒப்பந்தத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது.

இங்கே நம் நாட்டுப் பக்கமும் திரும்ப வேண்டும். 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போகிமான் வந்தபோது, ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசும் ஒரு தலைமுறை முழுக்க அதில் விழுந்தது. சீட்டோஸ் பொட்டலத்துக்குள் வந்த 'டாஸோ' வட்டுகளை வைத்து ஆடாத பையன்கள் குறைவு. ஆனால் அசல் விளையாட்டுக் கருவியும் அசல் அட்டைகளும் பெரும்பாலான வீடுகளை எட்டவில்லை. சந்தையை நிரப்பியது போலிகள்தான். கோணல் காது பிக்காச்சு போட்ட புத்தகப் பையும், எழுத்துப் பிழையோடு அச்சடித்த அட்டையும் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கிடைக்கும். உரிமைக்காரருக்கு அதில் காலணா போகவில்லை. ஆனால் 2016 டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவோடு சேர்ந்து 'போகிமான் கோ' இங்கே அதிகாரபூர்வமாக வந்தபோது, அறிமுகம் தேவைப்படாத கூட்டம் ஒன்று தயாராக இருந்தது. அந்தக் கூட்டத்தை உருவாக்கியதில் கோணல் காதுப் பைகளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். எந்த ஒப்பந்தத்திலும் இதற்கு இடம் கிடையாது.

காவல் காப்பதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2015-ல் சியாட்டிலில் ஒரு ரசிகர் விளையாட்டு மாநாட்டை ஒட்டி, டிக்கெட் போட்டு ஒரு போகிமான் பார்ட்டி நடத்தப் பார்த்தார். பக்கத்து ஊரான பெல்வியூவில்தான் அமெரிக்கக் கம்பெனியின் தலைமையகம். வழக்குப் போட்டார்கள். பார்ட்டி நின்றது, அந்த மனிதர் சில ஆயிரம் டாலர் கட்டும்படி ஆனது. 2024 செப்டம்பரில் 'பால்வேர்ல்ட்' விளையாட்டைச் செய்த பாக்கெட்பேர் மீது நிண்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் டோக்கியோவில் காப்புரிமை வழக்குத் தொடுத்தன. கேட்டால், விட்டால் பெயர் போய்விடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு ஒயர் வழியே பூச்சியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற ஆசையில் பிறந்த சமாசாரம், பகிர்ந்துகொள்ள வருபவனிடம் நோட்டீஸ் நீட்டும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

எல்லா வாசலையும் பூட்டி வைத்தாலும் பைத்தியத்தைப் பூட்ட முடியவில்லை என்பது அடுத்த வேடிக்கை. 2024 மார்ச் வரை அச்சடித்த அட்டைகள் 6,480 கோடிக்கு மேல் என்கிறது கம்பெனியின் கணக்கு. அப்படியும் போதவில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், வாசலில் அடிதடி நடந்த பிறகு, அட்டை விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தின. 2025 ஆகஸ்டில் ஜப்பான் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் சாப்பாட்டோடு போகிமான் அட்டை கொடுத்தபோது, மறுவிற்பனைக்காரர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தெருவில் எறிந்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 1999-ல் பர்கர், 2025-ல் பர்கர். இந்த முறை யாரும் சாகவில்லை என்பது ஆறுதல்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். 1990-களில் இதே மாதிரி உலகத்தைக் கலக்கிய பொம்மைகள் எத்தனையோ. பல இன்று பழைய சாமான் கடையில் கிடக்கின்றன. போகிமானுக்கு 2026 பிப்ரவரியோடு முப்பது வருடக் கணக்கு. மூன்று பெற்றோரும் தனித்தனியே தன் பங்கை விற்றுத் தின்னாமல், சாவியை ஒரு நான்காவது ஆளிடம் கொடுத்துவிட்டு, அவர் சொன்னால் தாங்களும் கேட்டுக்கொள்வது என்று இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பூச்சி பிடிக்கும் பையனின் கற்பனை பெரிய விஷயம்தான். அதைவிடப் பெரிய விஷயம், பங்காளிகள் இத்தனை வருடம் பாகப்பிரிவினை கேட்காமல் இருந்தது.

2023 மார்ச்சில் இருபத்தாறு வருடம் தொடரின் நாயகனாக இருந்த ஆஷை பிக்காச்சுவோடு வழியனுப்பி வைத்தார்கள். ஏப்ரலில் லிகோ என்ற பெண்ணும் ராய் என்ற பையனுமாகப் புதுக் கதை தொடங்கியது. தங்க முட்டை இடும் நாயகனை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'போதும்' என்று சொல்லி நிறுத்த ஒரு தைரியம் வேண்டும். 1999-ல் அதைச் சொல்ல ஆள் இல்லை. இப்போது இருக்கிறார்.